முப்பது இஞ்ச் பார்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைங்க நர்சம்மா, வளைவுல திரும்பும்போது குத்திரப் போகுது. சாக்குல சுத்தி வச்சிருக்கிறது கடப்பாரை இல்ல, பார். மரம் அறுக்கிற மிஷின் பாத்திருப்பீங்களே, அதுக்கு முன்னால நீட்டிக்கிட்டு ஒரு இரும்புப் பட்டை இருக்கும், செயின் அதைச் சுத்தித்தான் ஓடும். அதுக்குப் பேருதான் பார். இது முப்பது இஞ்ச், பழசு வளைஞ்சு போச்சு. கடையில இதைவிட நீளமா இல்லைன்னுட்டான். இருந்திருந்தா அதைத்தான் எடுத்திருப்பேன்.

நர்சுன்னு எப்படித் தெரியும்னு முழிக்காதீங்க. ஏறுனதுமே கண்டக்டர்கிட்ட ஆஸ்பத்திரிக்கு எங்க எறங்கணும், நான் புது நர்சுன்னு சொன்னீங்கல்ல. நம்ம காதுல எல்லாம் விழும். ஆஸ்பத்திரி இன்னும் ரொம்ப மேல. நான் அதுக்கு முன்னாலயே நெல்லிக்கொம்பையில எறங்கிருவேன். அங்க எங்க அக்கா வீடு இருக்கு. விருந்துக்குப் போறேன்னு நெனச்சுராதீங்க. என் புருசன் நாப்பத்திரெண்டு நாளா அவ வீட்டுலதான் உக்காந்திருக்காரு. அவரை இழுத்துட்டு வரப் போறேன். வரமாட்டேன்னா இந்தப் பாரை அவ வாசல்ல போட்டு, நாலு பேரு பாக்க, ஆம்பளையா இருந்தா எடுய்யான்னு கேக்கப் போறேன். ரெண்டுல ஒண்ணு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்.

இந்தக் கடைக்காரன் இருக்கானே, அவனுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. இன்னைக்கும் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தானா? அக்கா, உங்க மிஷின் அம்பத்தெட்டு சிசி, அதுக்கு இருபத்திரெண்டே ஜாஸ்தி, பதினெட்டு போடுங்க, நாலு வருசம் உழைக்கும்ங்கிறான். முப்பது போட்டா இஞ்சின் திணறும், ஆயில் நுனி வரைக்கும் போய்ச் சேராது, செயின் சூடேறித் தொங்கிரும்ங்கிறான். ஏண்டா, விக்கிறவன் நீ, வாங்குறவ நான். தொங்குனா என் வீட்டுலதான தொங்கும்? எடுத்துக் குடுடான்னேன். எடுத்துக் குடுத்துட்டு, போன தடவையும் இதைத்தான் சொன்னேன், கேட்டாத்தானன்னு முனங்குறான். எனக்குக் காது கேக்காதுன்னு நெனப்பு.

கம்பியைப் பிடிச்சுக்கங்க, வளைவு வருது. மலை பஸ்ஸு புதுசா? இந்தாங்க எலுமிச்சம்பழம், வயித்தைப் பெரட்டுனா மோந்து பாருங்க.

நாங்க அக்கா தங்கச்சி ரெண்டே பேரு. அவ முத்துப்பேச்சி, நான் சின்னப்பேச்சி. பேரு வைக்கும்போதே என்னையச் சின்னவளாக்கிட்டாங்க, அதுல ஆரம்பிச்சது. அவளுக்குத்தான் முதல்ல மூக்கு குத்துனது, அவளுக்குத்தான் முதல்ல ஓட்டு வீடு, அவ வீட்டுக்குத்தான் முதல்ல மிக்ஸி வந்துச்சு. சரி, மூத்தவ, போகட்டும்னு இருந்தேன். அவ புருசன் சென்றாயன் மச்சான் மரம் வெட்டுறவரு. என் புருசன் மொக்கராசும் மரம் வெட்டுறவருதான். ஆனா வித்தியாசம் என்னன்னா, மிஷினு மச்சானோடது. எங்காளு அவருக்குப் பின்னாடி வடம் பிடிச்சுக்கிட்டுப் போவாரு. மரம் எந்தப் பக்கம் சாயணுமோ அந்தப் பக்கம் கயித்தைக் கட்டி இழுக்கிற வேலை. பதினாலு வருசம். ஒரு நாளு சண்டை கிடையாது, ஒரு வாய்ச்சொல்லு கிடையாது, ரெண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில சோத்தைப் பங்கு வச்சுத் திம்பாங்க. பாக்குறவங்களுக்குத்தான் அது ஒத்துமை. எனக்கு வயிறு எரியும். சகலை பின்னாடி கயித்தைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை காலத்துக்குய்யா போவீங்கன்னு கேட்டா, சிரிப்பாரு. அவருக்கு அந்தச் சிரிப்பு ஒண்ணுதான் தெரியும். எனக்கு அதைப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும்.

எங்க மலையில மரம் வெட்டுற சீசன் எப்படின்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. காப்பிப் பழம் எடுத்து முடிஞ்சதும், மாசி பங்குனியில, தோட்டத்துல நெழலுக்கு நிக்கிற சில்வர் ஓக்கு மரத்துல முத்துனதை வெட்டி விப்பாங்க. மழைக்கு முன்னால முடிச்சாகணும். காலையில ஆறு மணிக்கெல்லாம் பிரிவு ரோட்டு டீக்கடை முன்னால மிஷின் வச்சிருக்கிற ஆளுக வந்துருவாங்க. வரிசையா மிஷினைத் தரையில வச்சு, பாருக்கு மேல மாட்டியிருக்கிற உறையைக் கழட்டிட்டு நிப்பாங்க. அதுதான் வழக்கம். காண்ட்ராக்டரு ஜீப்பை விட்டு எறங்குனா ஆளு மூஞ்சியைப் பாக்க மாட்டான். குனிஞ்சு பாரைப் பாத்துக்கிட்டே வருவான். எத்தனை இஞ்ச்? முதக் கேள்வியே அதுதான். பேரு கேக்குறதுக்கு முன்னால அதைக் கேப்பான். நீளமா இருந்தா பெரிய மரத்துக்குப் போ. குட்டையா இருந்தா கொப்பு கழிக்கப் போ.

எங்க மச்சானோட பாரு வெறும் பதினெட்டு. ஆனா அவரு வரிசையில வந்து நிக்கிறதே கிடையாது. அவரு வீட்டுக்கே ஜீப்பு வரும். ஏன்னு கேட்டா வேலை சுத்தமாம். என்ன பெரிய சுத்தம்? ஒரு மரத்தை இந்தப் பக்கம் பாதி அறுத்து, சுத்திப் போயி அந்தப் பக்கம் பாதி அறுத்து, நடுவுல நாலு தடவை நின்னு அண்ணாந்து அண்ணாந்து பாத்துக்கிட்டு. ஒரு மரத்துக்கு அரை மணி நேரம். காப்பிச் செடி ஒண்ணுகூட நசுங்காதாம். செடிக்குப் பாத்தா பொழைக்க முடியுமா? நம்ம ஆளு பாரு ஒரே வீச்சுல இந்தக் கரையில நுழைஞ்சு அந்தக் கரையில வெளிய வரணும். அதுதான் வேலை. நான் அப்படித்தான் முடிவு பண்ணேன்.

போன மாசியில அவரைக் கூட்டிக்கிட்டு இதே கடைக்குத்தான் வந்தேன். மிஷின் எடுத்தோம். கடைக்காரன் மிஷினோட பதினெட்டு இஞ்ச் பாரைக் கொண்டாந்து வச்சான். எங்காளு அதைக் கையில எடுத்து ஒரு தடவை தூக்கிப் பாத்தாரு, நல்ல பேலன்ஸா இருக்குன்னாரு. மூஞ்சியெல்லாம் சந்தோசம். நான் அந்தப் பக்கம் சுவத்துல தொங்குனதைக் காட்டி, அது எத்தனைன்னு கேட்டேன். அது முப்பதும்மா, பெரிய மிஷினுக்கு உள்ளதுன்னான். அதை மாட்டுடான்னேன். மாட்ட முடியுமா முடியாதா? முடியும், ஆனா... ஆனா ஊனா எல்லாம் எனக்கு வேணாம், மாட்டு. எங்காளு என் முந்தானையைப் பிடிச்சு மெதுவா இழுத்து, பேச்சி, பதினெட்டே போதும்டின்னாரு. நான் கேட்டேன், கடைன்னுகூடப் பாக்காம கேட்டேன், உங்க சகலைக்கும் பதினெட்டு, உங்களுக்கும் பதினெட்டுன்னா, நாளைக்கு டீக்கடை வாசல்ல எவன் உங்களைத் திரும்பிப் பாப்பான்? அவரு பாரைக் கீழ வச்சுட்டாரு. அம்புட்டுத்தான். அவரு எதுலயும் ரெண்டாந்தடவை பேச மாட்டாரு. பேசியிருந்தா என்ன, நான் கேட்டிருக்கவா போறேன். அது வேற விசயம்.

பொய் சொல்லல நர்சம்மா, மறுநாளே ஜெயிச்சுட்டேன். வரிசையில எங்க மிஷினு மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குது, பக்கத்துல உள்ளதெல்லாம் பால்குடிப் பிள்ளை மாதிரி இருக்கு. காண்ட்ராக்டரு குனிஞ்சுக்கிட்டே வந்தான், எங்ககிட்ட வந்ததும் நிமிந்துட்டான். எத்தனை? முப்பது. நான்தான் சொன்னேன். முப்பத்தெட்டு மரம், மேல்தோட்டத்துல, ஒண்ணொண்ணும் கட்டிப்பிடிச்சா கை எட்டாது. அள்ளிக் குடுத்துட்டான். அன்னைக்குச் சாயங்காலம் எங்க அக்காவுக்குப் போன் போட்டேன். முப்பத்தெட்டு மரம்னேன். சந்தோசம்டின்னா. வேற என்ன சொல்லுவா, உள்ளுக்குள்ள புகைஞ்சிருக்கும்.

நானும் கூடவே போனேன். செயினுக்கு அரம் போடுறது என் வேலை. ஆமா, நான்தான். சும்மா நெனைக்காதீங்க, எங்க ஊருப் பக்கம் பொம்பளை ஒருத்தி செயின் ராவுறான்னா அது நான் ஒருத்திதான். நாலு நாளுல கத்துக்கிட்டேன். செயினுல வரிசையா பல்லு இருக்கும், ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலயும் சின்னதா ஒரு குட்டிப் பல்லு இருக்கும். பெரிய பல்லுதான் மரத்தை அறுக்கிறது. குட்டிப் பல்லு என்ன செய்யும்னா, பெரிய பல்லை ஒரேயடியா ஆழமா எறங்க விடாம தடுக்கும். முட்டுக்கட்டை. முதல் வாரம் மிஷினு திணறுச்சு. பாரு நீளம்ல, இழுக்க மாட்டாம உறுமிக்கிட்டே நிக்கும். நுனியில புகை வரும். எனக்கு ஒரே ஆத்திரம். இந்தக் கடைக்காரன் சொன்னது பலிச்சுரக் கூடாதேன்னு இருந்துச்சு. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை தோணுச்சு. முட்டுக்கட்டையை எடுத்துட்டா? தட்டை அரத்தை எடுத்தேன், குட்டிப் பல்லை எல்லாம் தரைமட்டமா ராவி விட்டேன். மறுநாள் பாக்கணுமே! மிஷினு மரத்தைக் கடிச்சு இழுக்குது. சக்கை சக்கையா வந்து விழுகுது. நான் நின்ன எடத்துலயே கையைத் தட்டிட்டேன்.

எங்காளுக்குத்தான் பொறுக்கல. மிஷினு கையை விட்டுப் பிச்சுக்கிட்டுப் போகுதுடிங்கிறாரு. ராத்திரி சோத்தைப் பிசைய முடியல, விரலு நடுங்குது, தட்டுல பாதி கீழ பாதி. ஆம்பளைக்குக் கை நடுங்குமா, மொத மொத சொந்த மிஷினு, பயம் இருக்கத்தான் செய்யும், போகப் போகச் சரியாயிரும்னேன். நானே பிசைஞ்சு உருட்டிக் குடுத்தேன், சாப்பிட்டாரு. அதையெல்லாம் எவளும் சொல்ல மாட்டா. நான் ராட்சசின்னு மட்டும் சொல்லுவாளுக.

ஒரு நாளு சென்றாயன் மச்சான் நாங்க வேலை பாத்த தோட்டத்துப் பக்கம் வந்தாரு. பக்கத்துத் தோட்டத்துலதான் அவருக்கு வேலை. நான் பாறை மேல செயினை விரிச்சு வச்சு ராவிக்கிட்டு இருக்கேன். நின்னு பாத்தாரு. அப்புறம், ஆத்தா பேச்சி, முன்பல்லைத் தொடாத, அது போச்சுன்னா மிஷினு தூக்கி அடிக்கும்னாரு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. பதினாலு வருசமா எம்புருசனைக் கயிறு இழுக்க விட்டவரு, இன்னைக்கு எனக்குப் பாடம் எடுக்குறாரு. உங்க பதினெட்டை நீங்க பாத்துக்கங்க மச்சான், எங்க முப்பதை நாங்க பாத்துக்கிறோம்னேன். அவரு போயிட்டாரு. இவரு, எம்புருசன், தண்ணிக் கேனோட பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தாரு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு.

அது நடந்து மூணாம் நாளு.

இருபத்தாறாவது மரம். நிக்கிற மரத்தை நல்லாத்தான் சாய்ச்சாரு. ரெண்டு காப்பிச் செடி போச்சு, அது கணக்கா? படுத்துக் கெடக்கிற மரத்தைத் துண்டு போடணும். இவரு இந்தப் பக்கம் நின்னு பாரை எறக்குறாரு. முப்பது இஞ்ச்ல, மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு சாண் நீட்டிக்கிட்டு நிக்குது. அந்தப் பக்கம் எலைக்குள்ள ஒரு கொப்பு கெடந்திருக்கு. நுனி அதுல போயித் தட்டிருச்சு. இவருக்கு எப்படித் தெரியும்? நடுவுல மரம் மறைக்குது. நான் கேக்குறேன், அந்தக் கொப்பை அங்க விட்டுட்டுப் போனது யாரு? கொப்பு கழிக்கிற பய. அவனை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. மிஷினு துள்ளி எகிறுச்சு பாருங்க, கண்ணு மூடித் தெறக்கிறதுக்குள்ள, எகிறி இவரு எடது தோளுல வந்து விழுந்துச்சு. சட்டையும் சதையும் ஒண்ணாப் போச்சு. அவரு கத்தக்கூட இல்ல நர்சம்மா. மெதுவா உக்காந்தாரு. உக்காந்து என்னையப் பாத்தாரு.

மரத்தைச் சுத்தி ஓடுறேன், சேலை முள்ளுல மாட்டுது, சென்றாயன் மச்சான்னு கத்துறேன். ஏன் அவரு பேரு வாயில வந்துச்சுன்னு எனக்கே தெரியல. அவருதான் ஓடி வந்தாரு. பெரிய துண்டைச் சுருட்டி வச்சு அமுக்கி, முதுகுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஒரு மைல் எறக்கத்துல ஜீப்பு வரைக்கும் ஓடுனாரு. அதை நான் மறுக்கல. தூக்கிட்டு ஓடுனது ஓடுனதுதான். அதுக்காக ஒருத்தனைக் காலம் பூராவும் வீட்டுல வச்சுக்குவீங்களா?

எலும்புல கீறல், பதினோரு தையல். நீங்களே சொல்லுங்க, பதினோரு தையல் உங்களுக்கெல்லாம் ஒரு தையலா? கழுத்துல விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு டாக்டரு சொன்னாரு. நாலு விரக்கடை தள்ளித்தான் கழுத்து. சரி, விழுகலைல்ல.

ஆனா எனக்கு ஆஸ்பத்திரியில ஒண்ணு நடந்துச்சு பாருங்க, அதைத்தான் என்னால சீரணிக்க முடியல. கட்டுப் போட்டு இவரைக் கட்டில்ல போட்டிருக்கு. அக்கா, மச்சான், காண்ட்ராக்டரு எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. மச்சான் மிஷினைக் கையோட கொண்டு வந்திருக்காரு. செயினைக் கழட்டி, வெளிச்சத்துல பிடிச்சு ஒவ்வொரு பல்லாப் பாக்குறாரு. என்னய்யா இது, முன்பல்லே இல்ல, வழிச்சு எடுத்த மாதிரி இருக்கு, இது எகிறாம என்ன செய்யும்? யாரு ராவுனது? அப்படின்னு கேட்டாரு. யாரு ராவுனதுன்னு அவருக்கா தெரியாது? நேருல நின்னு பாத்த மனுசன். இருந்தும் எல்லாரு முன்னாலயும் கேக்குறாரு. நான்தான் ராவுனேன், இப்ப என்னங்கிறீங்கன்னு கேக்க வாயைத் தெறந்துட்டேன். அதுக்குள்ள கட்டில்ல இருந்து இவரு சொல்றாரு, நான்தான் சகலை ராவுனேன்.

கேட்டீங்களா? நான்தான் ராவுனேனாம்! அரத்தை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாத மனுசன். மச்சான் இவரையே பாத்தாரு, அப்புறம் செயினைச் சுருட்டிப் பையில போட்டுக்கிட்டாரு. ஆனா மத்தவங்க விட்டாங்களா? காண்ட்ராக்டரு, கூறு கெட்டவனேன்னு திட்டுறான். எங்க அக்கா, உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா தம்பி, ஊரு உலகத்துல எவனாச்சும் முன்பல்லை ராவுவானான்னு அழுகுறா. மக கோயமுத்தூர் மில்லுல வேலை பாக்குறா, அவளும் போன்ல, ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்கன்னு அழுகுறா. எல்லாத்தையும் வாங்கிக் கட்டிக்கிட்டு, ஆமா தப்புத்தான், தப்புத்தான்னுக்கிட்டு கெடக்குறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நான் கத்துக்கிட்ட வேலை. நான் ராப்பகலா முதுகு ஒடியக் குனிஞ்சு செஞ்ச வேலை. அதைக்கூட தன் பேருல எழுதிக்கிட்டாரு. ஒரு பொம்பளை நல்லா ஒரு வேலை செஞ்சா அதையும் பிடுங்கிக்கிடணும். அன்னைக்கே நான் பேச்சைக் குறைச்சுக்கிட்டேன்.

மூணு மாசம் வீட்டுல கெடந்தாரு. கஞ்சி வச்சுக் குடுத்தேன், கட்டுப் பிரிச்சு எண்ணெய் தடவுனேன், எல்லாம் செஞ்சேன். தோளு கூடிருச்சு. ஒரு பக்கம் கொஞ்சம் எறங்கி நிக்கும், அவ்வளவுதான். மிஷினை மட்டும் தொட மாட்டேங்குறாரு. அது சாக்கைப் போத்திக்கிட்டு மூலையில கெடக்கு. அந்தப் பக்கம் போனா சுவத்தை ஒட்டிப் போறாரு. எனக்கு எப்படி இருக்கும்? டீக்கடை வாசல்ல முப்பதுன்னு சொன்னவ நான். இன்னைக்கு அதே வாசல்ல, என்ன பேச்சி, உன் வீட்டுக்காரன் மிஷினை எப்ப எடுக்குறான்னு சிரிக்கிறானுக. ஆடியில ஒரு நாள் காலையில பொறுக்க முடியல. அன்னைக்கு எகிறுனதுல வளைஞ்ச பாரைக் கல்லுல வச்சுத் தட்டி அரைகுறையா நேராக்கி, நானே மாட்டி, புதுச் செயின் வாங்கி நானே ராவி, வாசல்ல வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நின்னவரு கையில கொண்டு போயித் திணிச்சேன். ஆம்பளையா இருந்தா எடுய்யான்னேன். தெருவுல நாலஞ்சு பேரு இருந்தாங்க, இருக்கட்டுமே.

அவரு மிஷினைப் பாக்கல. செயினைப் பாத்தாரு. கட்டைவிரலை வச்சு ஒரு பல்லைத் தடவுனாரு, அடுத்த பல்லைத் தடவுனாரு. மறுபடியும் முன்பல்லை ராவிட்டியா பேச்சின்னாரு. ஆமா, ராவுனேன், இல்லாட்டி இழுக்குமான்னேன். மிஷினை மெதுவாத் தரையில வச்சாரு. உள்ள போயித் துண்டை எடுத்துத் தோளுல போட்டுக்கிட்டு நடந்தாரு. கடைக்குப் போறாருன்னு நெனச்சேன். பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் எங்க அக்கா போன் பண்ணுறா, தம்பி இங்க வந்து சாப்பிட்டுப் படுத்திருக்கு, ஏதாச்சும் சண்டையாடின்னு. சண்டையா? ஒரு சண்டையும் இல்ல. செயினைத் தடவிப் பாத்துட்டுப் போன புருசனை எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? இப்ப மறுபடியும் மச்சான் பின்னாடி, மழையில சாஞ்ச மரத்துக்கு வடம் பிடிக்கப் போறாராம். எறங்குன தோளோட. சிரிக்கிறாராம் வேற.

எங்க அக்கா ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தா. தூக்குச்சட்டியில குழம்பு கொண்டு வந்து வச்சுட்டு, ஒரு வார்த்தை வந்து கூப்பிடு, வந்துரும்டிங்கிறா. நான் எதுக்குக் கூப்பிடணும்? நானா போகச் சொன்னேன்? குழம்பை அவ கண்ணு முன்னாலயே நாய்க்கு ஊத்துனேன். என் புருசனை மடக்கி வச்சுக்கிட்டு எனக்குக் குழம்பு ஊத்துறியான்னேன். அவ அழுதுக்கிட்டே போனா. நல்லா அழுகட்டும்.

என்ன கேட்டீங்க? சத்தமாச் சொல்லுங்க, இந்த வண்டி சத்தத்துல கேக்கல.

எதுக்காக அப்படிச் சொன்னாருன்னா? ஆஸ்பத்திரியிலயா? எதுக்குன்னா... அதான் சொன்னேனே, என் வேலையைத் தன் பேருல போட்டுக்கிட்டாருன்னு. இல்ல, அது திட்டு வாங்குற எடம்தான். பேரு வாங்குற எடம் இல்லதான். நான் என்ன அது தெரியாதவளா? மச்சானுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும், மச்சானுக்குத் தெரியும்ங்கிறதும் இவருக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு நான்தான்னு... நான் வாயைத் தெறந்ததைப் பாத்துட்டாருன்னா கேக்குறீங்க? பாத்திருப்பாரு. என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. அன்னைக்குப் பூராவும் என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

நான்தான்னு அன்னைக்குச் சொல்லியிருந்தா எங்க அக்கா என்னைய விட்டிருப்பாளா? புருசனை வெட்டுன பொம்பளைன்னு ஊரு பூராவும் ஆயிருக்கும். மக போன்ல என்ன சொல்லி அழுதிருப்பா? அவ அப்பாகிட்டயே அப்படி அழுதவ.

நீங்க எதுக்கு இதையெல்லாம் கேக்குறீங்க? சும்மா வர வேண்டியதுதான. நர்சுன்னா ஊசி போடுறதோட நிக்கணும். நான் ஒண்ணும் தப்புப் பண்ணல. இஞ்சின் இழுக்கல, இழுக்க வச்சேன். அவ்வளவுதான் நான் பண்ணது. பதினெட்டு போதும்னு அவரு ஒரு தடவைதான் சொன்னாரு. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்ல? வாயில என்ன கொழுக்கட்டையா? கத்தியிருக்கலாம், என்னைய ஒரு அறை அறைஞ்சிருக்கலாம், போடி நீயும் உன் பாரும்னு தூக்கி எறிஞ்சிருக்கலாம். ஒண்ணும் செய்யாம நான் குடுத்ததைத் தூக்கிக்கிட்டு இருபத்தாறு மரம். கை நடுங்க நடுங்க இருபத்தாறு மரம்.

எலுமிச்சம்பழம் வேணாம், எனக்கு ஒண்ணும் இல்ல. கண்ணுல தூசி. இந்த ரோட்டுல எப்பவும் தூசி.

விசில் குடுத்துட்டான். நெல்லிக்கொம்பைதான். வண்டி இங்க பத்து நிமிசம் நிக்கும், டிரைவரு டீ குடிப்பாரு. எறங்கணும். எறங்குறேன், இருங்க. கூட்டம் எறங்கட்டும்.

அந்தா, அந்தப் பெஞ்சுல. நீலக் கைலி, கழுத்துல துண்டு. எடது தோளு எறங்கி இருக்கு பாருங்க, அவருதான். நான் நெனச்சேன், கொழுத்துப் போயி இருப்பாருன்னு. எளைச்சுட்டாரு. டீ கிளாஸை ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்காரு பாருங்க. இன்னும் நடுங்குது போல. எங்க அக்கா சோறு போடுறாளா என்னத்தைப் போடுறா? தோளுக்கு எண்ணெய் தடவுறதுக்கு யாரு இருக்கா அங்க?

நர்சம்மா, இந்தச் சாக்கைக் கொஞ்சம் உங்க காலால உள்ள தள்ளுங்க. இன்னும். சீட்டுக்கு அடியில நல்லாத் தள்ளுங்க, வெளிய நீட்டாம. அவரு கண்ணுல படக் கூடாது.

இப்ப ஒண்ணு செய்றீங்களா? நீங்க சன்னலோரமா இருக்கீங்க. ஒரு சத்தம் குடுங்க. மொக்கராசுன்னு பேரைச் சொல்லியே கூப்பிடுங்க, நான் பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது, நீங்க கூப்பிடலாம். கொஞ்சம் சத்தமா. நான் கூப்பிட்டா, என் சத்தம் கேட்டாலே, எந்திரிச்சு உள்ள போயிருவாரு. கூப்பிடுங்க, டீயைக் குடிச்சு முடிச்சுட்டாருன்னா போயிருவாரு. யாரு நீங்கன்னு கேட்டா எதையாச்சும் சொல்லுங்க, என் பேரை மட்டும் சொல்லிராதீங்க. பக்கத்துல வரட்டும்.